மூன்றாம் வரியில் ஒரு மூச்சு

என் அக்கா கோபம் வந்தால் கத்த மாட்டாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நான் மெதுவாக வேறு அறைக்கு நழுவிவிடுவேன்.

அவளுக்கு இசைக் கல்லூரியில் ஒலிப்பதிவு உதவியாளர் வேலை. புதன்கிழமை மதியங்களில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பெண்களிடம் போய்விடுவாள். ஈரப் போர்வையை இரண்டு பேர் பிடித்து உதறி மடிக்கும்போது அவர்கள் பாடுவதை ஏழு வருஷம் பதிவு செய்தாள். உதறும் சத்தம், மெஷின் உறுமல், அந்தக் குரல்கள் எல்லாவற்றையும் கோத்து, யாரும் செய்யாத மாதிரி ஓர் இசைக்கோவை எழுதினாள். எழுதியதைப் பதிவுகளோடு கல்லூரியில் தன் பேராசிரியரிடம் பார்க்கக் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே பைத்தியக்காரத்தனம் அதுதான்.

அடுத்த வருஷம் எல்லாமே அவருடையதாகிவிட்டது. புத்தகம் அவர் பெயரில், நடக்கப்போகிற அரங்கேற்றமும் அவர் பெயரில். நன்றிப் பக்கத்தில் அவர் வீட்டு நாய்க்குக்கூட இடம் இருந்தது. அக்காவுக்கு இல்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரு பக்கத்தில் நின்று சிரித்தாள்.

பாட்டின் மூன்றாம் வரியில் ஒரு சின்ன நிறுத்தம் வரும். அது தலைமுறை தலைமுறையாக வந்த அபூர்வ நுட்பம் என்று மனுஷன் பதினோரு பக்கம் விளாசியிருந்தார். முதல் குரல் கொடுக்கும் பெண்ணுக்கு ஆஸ்துமா, அவ்வளவுதான். எல்லோரையும் அதட்டி வேலை வாங்குவதால் 'மேஸ்திரி' என்று பெயர். அவளுக்கு அந்த இடத்தில் மூச்சு முட்டும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். சலவைக்கூடத்தில் ஒரு மதியம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். அவர் அந்த வாசலை மிதித்ததே இல்லை.

"போய்ச் சொல்லிடேன்க்கா."

"நான் ஏன்டா சொல்லணும்? நல்லா ஊறட்டும்."

மேஸ்திரியிடம் மட்டும் சொன்னாள். "எங்க பாட்டைத் தூக்கிட்டுப் போனது பத்தாதா, என் மூச்சிரைப்பையும் தூக்கிட்டுப் போயிட்டானா? எப்ப கச்சேரி?" என்று அவள் சேலையை இழுத்துச் செருகினாள்.

அரங்கேற்றத்தன்று பதினான்கு பெண்களும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். இருபது வயலின்கள் மூன்றாம் வரியில் ஒன்றாக மூச்சு முட்டி நின்றன. கேள்வி நேரத்தில் யாரோ அதைப் பற்றிக் கேட்க, பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார். மேஸ்திரி எழுந்தாள்.

"ஐயா, அது எனக்கு வீசிங். பாடறதுக்கு முன்னாடி பம்ப் அடிச்சிருந்தேன்னா நிறுத்தாமப் பாடியிருப்பேன்."

மூச்சுக்கு அடிக்கும் அந்தப் பம்பைத் தூக்கியும் காட்டினாள். வயலின்காரர்களே முதலில் சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. எனக்கு நாற்காலி மேல் ஏறி விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

வாசலில் பேராசிரியர் அக்காவை மறித்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"உனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

அக்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அதுல என் பேர் இருந்திருந்தா சொல்லியிருப்பேன் சார். அது உங்க புத்தகமாச்சே."