ஆத்தா கேட்ட ஆஸ்பத்திரி

எண்பதுகளின் கடைசியில், மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கு அம்மை போட்டது. திருச்செங்கோட்டுக்குப் பக்கம் விவசாயக் காட்டுக்குள் தனி வீடு. கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடக்கே போயிருந்தார். நானும் மாமியாரும்தான்.

எனக்குச் சிறுநீரகக் கோளாறு. அதற்குத் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. அது எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், அம்மை கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், மாத்திரையை மட்டும் நானாக நிறுத்தவே கூடாது என்று சேலத்து டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமியாரிடம் அதைச் சொன்னேன்.

"ஆத்தா ஊட்டுக்கு வந்திருக்கறப்ப மருந்து மாத்திரையெல்லாம் ஆகாது கண்ணு. கோவிச்சுக்குவா." மாத்திரைகளை எடுத்து எங்கோ வைத்துவிட்டு, நிலைப்படியில் வேப்பிலை செருகினார்.

அதன்பிறகு நான் அவருக்கு மருமகள் இல்லை. அதுவரை என்னை ஏவி மட்டுமே பழகியவர், "எளநி குடிக்கறயா ஆத்தா?" என்று கைகட்டி நின்றார். எனக்கு அம்மையைவிட அதுதான் பயமாக இருந்தது. பேசும்போது அவர் பார்வை என் முகத்தில் நிற்காது. எனக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அங்கே போகும்.

வாய்க்குள்ளும் கொப்புளம் வந்தது. மூச்சு இரைத்தது. "அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. வயித்துல அசைவே இல்லீங்க" என்று கெஞ்சினேன்.

"புள்ள தெரியாமப் பேசறா, மனசுல வெச்சுக்காத ஆத்தா" என்று, நான் பேசியதற்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்த மூச்சில்லை.

மறுநாள் உச்சிவெயில். இன்னொரு முறை கெஞ்சலாமென்று வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த மாமியார் திடுக்கிட்டு எழுந்தார். எனக்குப் பின்னால் பார்த்துக் கும்பிட்டார்.

"இதா, இப்பவே கூட்டிட்டுப் போறேன் ஆத்தா. உன்ற பேச்சுக்கு மறுபேச்சு உண்டா?" என்றவர், காருக்காகப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு ஓடினார்.

சேலத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நின்றுபோன ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார்கள். அம்மைக் கிருமிக்கென்று புதிதாக வந்திருந்த மருந்தையும் ஏற்றினார்கள். நுரையீரல்வரை போய்விட்டது, இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

ஒருநாள் மாமியாரிடம் கேட்டேன், அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று.

"நீ எங்க கண்ணு சொன்ன? உனக்குத்தான் மூச்சே இல்லியே. உன்ற பொறத்தால இருந்து ஆத்தா சொன்னா, 'என்ற புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி'ன்னு."

நான் கெஞ்சியது அவருக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அம்மையோடு கிடந்த அந்த அறையில் அதற்குப் பிறகு நான் தனியாகப் படுத்ததில்லை.