பெயருக்குப் பின்னால் போடும் எழுத்து

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் மற்றவர்கள் முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மண்டபம் எங்கே என்று பார்ப்பார்கள். நான் பெயர்களுக்குப் பின்னால் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். பி.ஏ., பி.காம்., எம்.சி.ஏ. ஏதாவது ஒன்று இருக்கும். பாஸ் பண்ணினவன்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று பேப்பர் பாக்கி வைத்திருப்பவனும் தைரியமாகப் போட்டுக்கொள்வான். மண்டப வாசலில் யாரும் மார்க் ஷீட் கேட்பதில்லை. எழுத்து இல்லாத பெயரை என் பெரியப்பா 'மொட்டைப் பேரு' என்பார். அவர் எஸ்.எஸ்.எல்.சி.தான். ஆனாலும் எங்கள் குடும்பப் பத்திரிகை எல்லாவற்றிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'ஹார்பர், ஓய்வு' என்று அடைப்புக்குறிக்குள் வந்துவிடும். ஹார்பரில் கிளார்க்காக இருந்தவர். குடும்பத்தில் மேசை போட்டு வேலை பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்பதால், பத்திரிகை எழுதும் உரிமையும் அவருக்கே.

என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். காலடிப்பேட்டையில் வீடு. திருவொற்றியூர் ஹைரோட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையில் டர்னர். லேத் மெஷின் முன்னால் நின்று இரும்பைக் கடைவது வேலை. காலையில் நின்றால் ஷிஃப்ட் முடியும்வரை நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வார். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டிருக்கும். நான் பள்ளிக்கூட அப்ளிகேஷன் நிரப்பும்போதெல்லாம் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'கம்பெனி எம்ப்ளாயி' என்று எழுதச் சொல்வார். டர்னர் என்று எழுத ஒருநாளும் விட்டதில்லை.

"பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து இருந்தா, போற எடத்துல சேர் போட்டு உக்காருன்னு சொல்லுவாங்கம்மா. இல்லாட்டி நின்னுகினே கீற வேண்டியதுதான்" என்பார். இதைக் கேட்டுக் கேட்டே நான் கணக்கில் எம்.எஸ்ஸி. வரைக்கும் போய்விட்டேன். எங்கள் தெருவில் அதுவரை யாரும் வாங்காத எழுத்து. கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு எடுத்த என் போட்டோவை நைனா பெரிதாக்கி, நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினார். சாமி படங்கள் பக்கத்துச் சுவருக்குப் போயின.

இரண்டாயிரம் பிறந்த சமயம் அது. எம்.எஸ்ஸி.க்குக் கிடைத்த வேலை, தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளம் ஆயிரத்து எண்ணூறு. சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டார்கள், நடுவில் ஓடிவிடக் கூடாதென்று. இன்னொரு விஷயமும் உண்டு. அந்தப் பள்ளியில் எந்த வகுப்பிலும் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சோம்பல் வரும் என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு. முதல் பீரியடிலிருந்து கடைசி மணிவரை கரும்பலகை பக்கத்தில் நிற்பேன். இதை நைனாவிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சம்பளத்தைச் சொன்னதற்கே அவர் முகம் சுண்டிப்போனது. "மொதல்ல அப்படித்தான் இருக்கும், அப்பால ஏறும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேர்தான் பெரிசு, குடிக்கத் தண்ணீர் இல்லை என்கிற தெலுங்குப் பழமொழியை எடுத்து அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது."

முதலில் வந்த வரன் ஒரு பி.இ. அம்பத்தூரில் ஏதோ கம்பெனியில் டிரெய்னி. எதிர் வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்தார்கள். மாதம் மூவாயிரம் வருகிறதாம், அதையும் சம்பளம் என்று சொல்லாமல் ஸ்டைபண்டு என்றார்கள். கன்ஃபர்ம் ஆனால் ஏறும் என்றார் பையனின் அப்பா. எப்போது கன்ஃபர்ம் ஆகும் என்று கேட்க நைனாவுக்கு வாய் வரவில்லை. எதிரில் இருப்பது பி.இ. அல்லவா. முப்பது பவுனும் ஒரு பைக்கும் கேட்டார்கள். நைனாவின் தொழிற்சாலை அதற்கு முந்தின வருஷம்தான் மூடியிருந்தது. கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட அவர் தயாராக இருந்தார்.

"மூவாயிரத்துக்கு முப்பது பவுனா? நான் கணக்குதான் படிச்சேன், எனுக்கே இந்தக் கணக்கு வரல நைனா" என்றேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது தப்பில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஒரு வாரம் நைனா என்னோடு பேசவில்லை. அந்த வரன் போய்விட்டது.

அடுத்து வந்தவர் வெல்டர். மணலி புதுநகரில் வீடு. அப்பா இல்லை, அம்மாவும் அவரும்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எண்ணூரிலும் மணலியிலும் கான்ட்ராக்டில் பைப் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். நைனா அரை மனசாகத்தான் வரச் சொன்னார். இந்த முறை நாற்காலி இரவல் வாங்கவில்லை. இருந்த இரண்டில் அவர்களை உட்கார வைத்துவிட்டு, அவரும் பெரியப்பாவும் பாயில் உட்கார்ந்தார்கள்.

அந்த அம்மாள் சுற்றி வளைக்காத ஆள். "எம்புள்ளைக்கு மாசம் எட்டாயிரம் வரும்ணே. கம்பெனிய நிறுத்தி ரிப்பேர் பாக்கற ஷட்டவுன் டயத்துல இன்னும் மேலயும் வரும். வேலை இல்லாத மாசமும் கீது, பொய் சொல்லமாட்டேன். பொண்ணுக்கு எவ்ளோ தராங்க?"

நைனா தொண்டையைச் செருமினார். அவர் எதையாவது கூட்டிச் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்து, "ஆயிரத்து எண்ணூறு" என்று கதவருகிலிருந்து நானே சொல்லிவிட்டேன்.

"வாரத்துக்கா?" என்றாள் அந்த அம்மாள். நிஜமாகவே கேட்டாள். மாதத்துக்கு என்றதும் என் போட்டோவை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். "அடப் பாவமே" என்றாள்.

பேச்சை மாற்ற நைனா, "நாள் பூரா நின்னுகினு செய்யற வேலையா தம்பி?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"இல்ல மாமா, உக்காந்துகினுதான். பைப்பு தாழ்வா இருந்தா படுத்துகினுகூட பண்ணுவேன்."

பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நைனாவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு மாப்பிள்ளை என் போட்டோவைப் பார்த்து, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தொப்பி உங்களுதா, ஸ்டுடியோக்காரனுதா?"

"ஸ்டுடியோக்காரருது" என்றேன். வீட்டுக்கு வந்த எத்தனையோ பேர் அந்தப் போட்டோவைப் பார்த்து என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். தொப்பி யாருடையது என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான். அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது. காரணம் சின்னதுதான், ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

நைனாவின் தயக்கத்தையும் சொல்ல வேண்டும். கான்ட்ராக்ட் வேலை, பி.எஃப். கிடையாது, கண்ணுக்குக் கெடுதல் என்று அவர் சொன்னதெல்லாம் நியாயம்தான். ஆனால் அதற்கெல்லாம் அடியில் வேறொன்று கிடந்தது. நின்று தேய்ந்த தன் காலோடு இந்தக் கதை முடிந்துவிட வேண்டும், மகள் போகிற வீட்டில் கிரீஸ் படிந்த சட்டை தொங்கக் கூடாது என்பதுதான் அது. கடைசியில், "உன் இஷ்டம்" என்றார்.

தேதி குறித்து, பத்திரிகை எழுத உட்கார்ந்தபோதுதான் வினை வந்தது. பெரியப்பா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு என் பெயரை எழுதி, பின்னால் எம்.எஸ்ஸி. போட்டார். அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளை பெயரை எழுதிவிட்டு, பேனாவை நிறுத்தினார்.

"இவுருக்கு இன்னா போடறது? மொட்டையா கீதே."

ஐ.டி.ஐ. என்று போடலாமே என்றாள் அம்மா. அதைப் போடுவதற்குப் பதில் சும்மாவே விடலாம் என்றார் பெரியப்பா. கொஞ்சம் யோசித்து, அவரே டி.எம்.இ. என்று எழுதினார். டிப்ளமோ என்றால் பாதி இன்ஜினீயர், பார்க்க லட்சணமாக இருக்கும், யார் கேட்கப் போகிறார்கள். நைனாவுக்கு முகம் தெளிந்தது. எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையைக் கேட்காமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். அடுத்த நாள் சாயங்காலம் அவர் எண்ணூரிலிருந்து வேலை முடிந்து நேராக வந்தார். சட்டைக் கையில் தீப்பொறி பட்டுக் குட்டிக் குட்டி ஓட்டைகள்.

தாளைப் படித்தார். "இது வோணாம் மாமா. எங்க ஆளுங்க கூட்டமா வருவானுங்க. டிப்ளமோன்னு பாத்தா சாவற வரைக்கும் என்னை ஓட்டுவானுங்க. வெல்டர்னு போடுங்க. ஹார்பர்னு பெரியப்பாவுக்குப் போடறீங்கல்ல, அத்த மாதிரி."

"பத்திரிகைல வெல்டர்னு யாரு போடுவா?" என்றார் பெரியப்பா. "எம்.எஸ்ஸி. பக்கத்துல அத்த வெச்சா நல்லாவா இருக்கும்? அப்போ பொண்ணோடதயும் எடுத்துடணும்."

"அவங்களுத எதுக்கு எடுக்கணும்? படிச்சுது அவங்கதான?" என்றார் அவர். சத்தமாகப் பேசவில்லை. அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மணலி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்கக்கூட மாட்டார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எடுத்துடலாம்ணே. ரெண்டு பேரும் மொட்டையாவே இருக்கட்டும். ஒசத்தி தாழ்த்தி தெரியாது."

வேறு யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். ராத்திரி ஷிஃப்ட் ஓவர்டைம் பார்த்து என் பரீட்சை ஃபீஸைக் கட்டினவர். சாமி படத்தை நகர்த்திவிட்டு என் போட்டோவை மாட்டினவர். ஒரு வெல்டர் பெயரின் பக்கத்தில் நிற்பதற்கு வெட்கப்பட்டு, அந்த எழுத்தை அவரே பிடுங்கப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டியது, ஆனால் வந்தது என்னவோ கோபம்தான்.

"எம்.எஸ்ஸி. இல்லாம பத்திரிகை அடிச்சா, அதுல வேற பொண்ணு பேரப் போட்டுக்கோங்க" என்றேன்.

"இன்னா பேச்சு இது?" என்று பெரியப்பா எழுந்தார்.

நான் நைனாவைப் பார்த்தே பேசினேன். "சேர் போடுவாங்கன்னு சொல்லித்தான என்னைப் படிக்க வெச்ச? எங்க ஸ்கூல்ல டீச்சருக்குச் சேரே கிடையாது நைனா. ரெண்டு வருஷமா நானும் உன்ன மாதிரி நின்னுகினுதான் கீறேன். உக்காந்து வேலை செய்யறது அவுருதான். நின்னதுக்கு நான் வெக்கப்படல. நீ எதுக்குப் படற?"

நைனா என் காலைப் பார்த்தார். புடவைக் கரைக்குக் கீழே பாதம்தான் தெரியும். இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியப்பா கையிலிருந்த தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே போய்விட்டார்.

அவர் அச்சகத்தில் என்ன கொடுத்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வீம்பு இடம் கொடுக்கவில்லை. பெரியப்பா ராயபுரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவர், பத்திரிகை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயே இருந்துவிட்டார். நான் பள்ளிக்குப் போனேன், நின்றேன், வந்தேன். அந்த நாட்களில் அம்மாதான் பாவம், எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள். கல்யாணம் நடக்குமா என்று அவள் ஒருநாள் என்னைக் கேட்டாள். பத்திரிகையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அரை நாள் பள்ளி முடிந்து வந்தபோது, நைனா பத்திரிகைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழைத்த மஞ்சள். ஒவ்வொரு பத்திரிகையாக எடுத்து நாலு மூலையிலும் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வைக்காத ஒன்றை என்னிடம் நீட்டினார். "தப்பு இருந்தா சொல்லு" என்றார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். வழக்கம்போலப் பெயர்களுக்குப் பின்னால்தான் முதலில் பார்த்தேன். என் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. இருந்தது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், வெல்டர். மூச்சு விட்டேன். அதற்குப் பிறகுதான் மேலே, அழைப்பவர் பெயர் இருக்கிற இடத்துக்குக் கண் போனது. அங்கே நைனாவின் பெயர். அதற்குப் பக்கத்தில், இதுவரை எந்தத் தாளிலும் அவர் எழுதவிடாத அந்த ஒரு சொல்: டர்னர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மஞ்சள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து சரியா கீதா?"

"சரியா கீது நைனா."

அவர் எழுந்து, சுவரோரம் கிடந்த நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எதுக்கு நின்னுகினே படிக்கற? உக்காரும்மா" என்றார்.