ஒரு நாள்கூட நல்லவராக இல்லாத அப்பா

என் இரண்டாவது நாவலில் ஒரு அப்பா வருகிறார். அவர் வாயைத் திறந்தால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறார். முடிவில் மகள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள்.

முதலில் எழுதியபோது அவருக்கென்று ஓர் அத்தியாயம் இருந்தது. சின்ன வயதில் மகளுக்கு அம்மை போட்டிருக்கும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொடுப்பார். இதைப் படித்தால் வாசகர்கள் அவரை மன்னித்துவிடுவார்களே என்று பிறகு தோன்றியது. எடுத்துவிட்டேன்.

நான் நினைத்தபடியே நடந்தது. அந்த ஆளை அறைய வேண்டும்போல இருந்தது என்று பலர் போனில் சொன்னார்கள். காரைக்குடியில் நடந்த ஒரு கூட்டம் முடிந்ததும் ஓர் இளம்பெண் கையெழுத்து வாங்க வந்தாள். சென்னையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

"அக்கா, ஒங்க நாவலப் படிச்சு முடிச்ச அன்னைக்கே எங்கப்பா நம்பர பிளாக் பண்ணிட்டேன். அச்சு அசலா அவருதான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்து வந்த மேடைகளில், என் எழுத்து ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் கொடுத்தது என்று அவளைப் பற்றிப் பேசவும் செய்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் வயதானவர் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"கதை எழுதுறவுக நீங்கதானா? அமராவதிபுதூர்லருந்து வாரேன். பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். என் மக காரைக்குடியில ஒங்களப் பாத்துக் கையெழுத்து வாங்குச்சுன்னு அவுக அம்மா சொன்னா."

யாரென்று புரிந்துவிட்டது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கதை வேறு வாழ்க்கை வேறு என்று சொல்லத் தயாரானேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"புத்தகத்த நானும் வாங்கிப் படிச்சேம்மா. அதுல இருக்க மாதிரி பூட்டெல்லாம் போடல. ஆனா வேலைக்குப் போகக்கூடாதுன்னு மாசக்கணக்கா பேசாம இருந்தேன். கையும் நீட்டிருக்கேன். தப்புதான், இல்லைங்கல." ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கணும். அந்த ஆளு அந்தப் புள்ளைகிட்ட ஒரு நாளு கூடவா நல்லா இருந்ததில்ல?"

"இருந்தாரு, அய்யா. எழுதிட்டு எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்தீக?"

"அவர் மேல கோபம் கொறஞ்சிரும்னு நெனச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, வெறுத்துப்போய் ஆட்டினாரா, தெரியவில்லை. மகளிடம் பேசச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதைக்கூடக் கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிப்பிடித்துப் போனில் பேசினேன். அப்பா வந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க எதுக்குக்கா கேக்குறீக? அடி வாங்குனது நானு. ஒங்க புத்தகம் இல்லாட்டியும் என்னைக்காவது பண்ணியிருப்பேன்."

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவள் போனை வைக்கவுமில்லை. "வண்டிலயா வந்தாரு?" என்று கேட்டாள்.

"ஆமா."

"கண்ணாடி போட்டிருந்தாரா? அது இல்லாம அவருக்கு எதுக்க வர்ற வண்டி தெரியாது."

போட்டிருந்தாரா என்று எனக்கு நினைவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்கவே இல்லை. போட்டிருந்தார் என்று சொல்லிவைத்தேன்.

போன மாதம் அவரைக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவராகவே பக்கத்தில் வந்தார்.

"பொங்கலுக்கு மக வந்துட்டுப் போச்சும்மா. அவுக அம்மாகிட்டத்தான் பேச்செல்லாம். போகயில எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போச்சு."

"சந்தோஷம், அய்யா."

"இப்ப என்ன எழுதுறீக?"

என் பையில் புது நாவலின் பாதி இருந்தது. அதில் மருமகளைப் படாத பாடு படுத்தும் ஒரு மாமியார். அந்த மாமியாரைப் பற்றி நல்லதாக எதையும் நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.

"ஒண்ணும் எழுதல, அய்யா" என்றேன்.