டெஸ்டுக்கு அடித்த பெயிண்ட்

எங்கள் பக்கத்தில் வண்டி ஆர்.டி.ஓ. டெஸ்டுக்குப் போகும் முன் பெயிண்ட் அடிப்பது, கல்யாணத்துக்குப் போகும் முன் முகம் கழுவுவது மாதிரி. கேரள எல்லையில் இருக்கும் பனச்சமூட்டில் அண்ணனின் ஷெட்டுக்கு இரண்டு மாநிலத்து பஸ்களும் வரும். துருவைத் தேய்த்து, பள்ளத்தில் பட்டி போட்டு நிரப்பி, மேலே பளபளவென்று அடித்துவிடுவான். வண்டி ஜெயித்துவிடும். பார்க்கிறவன் கண் நிறைந்தால் பாதி டெஸ்ட் முடிந்தது என்பது அவன் கொள்கை. நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான் திருவனந்தபுரத்தில் சின்ன விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். லைசென்ஸ் உள்ளவள், நான் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் மேலே போகும். ஒரு முதலாளியின் பயிற்சி விமானத்திலிருந்து புரொப்பெல்லரைக் கழற்றி வைத்திருந்தோம். அலுமினியம். பிளேடுகளின் ஓரமெல்லாம் கல் தெறித்த வடு, பெயிண்ட் உரிந்து கிடந்தது. அனுமதி பெற்ற பட்டறை வெளியூரில். அங்கே எங்கள் முறை வந்தபாடில்லை. பொறுமையிழந்த முதலாளி, தன் பஸ்களுக்கு வழக்கமாகப் பெயிண்ட் அடிக்கும் அண்ணனிடமே, எனக்குத் தெரியாமல், அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நன்றாக வந்தால் இனி இந்த வேலையெல்லாம் உனக்குத்தான் என்றும் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் நம்பினான். பஸ் வேலை குறைந்துகொண்டே வந்த காலம். சவுதியில் மைத்துனர் ஏற்பாடு செய்திருந்த விசாவை வேண்டாமென்று சொல்லிவிட்டான். அண்ணிக்கு அப்போது மசக்கை. அவன் போகவில்லை என்றதும் அவள் முகத்தில் வந்த தெளிச்சத்தை நான் பார்த்தேன், அவன் ஏன் போகவில்லை என்பதுதான் அப்போது தெரியவில்லை.

"மக்கா, ஷெட்டுக்கு வா. ஒரு சாதனம் காட்டணும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

மேசைமேல் எங்கள் புரொப்பெல்லர் கிடந்தது. பைலட்டின் கண் கூசாதபடி பின்பக்கம் மங்கின கறுப்பு, நுனியில் மஞ்சள் பட்டை. ஒரு வடு இல்லை. அவ்வளவு அழகான புரொப்பெல்லரை நான் பார்த்ததில்லை.

"அண்ணா, வடுவெல்லாம் எங்க?"

"கிரைண்டர் வச்சுத் தேச்சேன். பாக்கியைப் பட்டி போட்டு அடச்சேன். பாக்கக் கொள்ளாமா? எனக்க கை வேலையாக்கும்."

வடுவை அரத்தால் லேசாக வழிக்கலாம். எவ்வளவு வழிக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. அதற்குமேல் தேய்ந்த உலோகத்தின் பலத்தை எந்தப் பட்டியும் திருப்பித் தராது. அடியில் விரிசல் இருந்தால் அதையும் மூடிவிடும். பஸ் வழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். பறக்கையில் பிளேடின் நுனி பிய்ந்தால், அந்த ஆட்டத்தில் எஞ்சினே பெயர்ந்து வந்துவிடும்.

மறுநாள் புரொப்பெல்லரோடு அவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஹேங்கருக்குப் போனேன். அளக்க வேண்டிய இடங்களில் மட்டும் பெயிண்டையும் பட்டியையும் சுரண்டி அளந்தேன். இரண்டு பிளேடும் அளவுக்குக் கீழே. மீண்டும் அளந்தேன். அளவு மாறவில்லை.

"நீ ஒரு ஒப்பு போட்டாத் தீருமே மக்கா. இத நம்பி சவுதியில அளியன்ட்ட நான் வரேல்லண்ணு சொல்லியாச்சு."

"இதுல ஏறுகது படிக்க வாற பிள்ளையளாக்கும் அண்ணா."

"நான் அடிச்சதுல ஒரு வண்டியாவது தோத்ததுண்டா?"

இல்லை. ஒன்றுகூடத் தோற்றதில்லை. சட்டம் தப்பாக இருந்திருந்தால் அதைத் திட்டித் தீர்த்திருப்பேன். அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன். "நான் சும்மா தொடைச்சுத் தரத்தானே சொன்னேன்" என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். தகுதியில்லை என்று தள்ளிய புரொப்பெல்லரை வேறு யாரும் மாட்டிவிடாதபடி வெட்டிப் போட வேண்டும். அதைச் சொன்னேன்; வெட்டிக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

"வெட்டாண்டாம் மக்கா. ஷெட்டுக்க முன்ன தொங்கப் போடுகேன்" என்றான் அண்ணன்.

முடியாது என்று தலையை ஆட்டினேன். ரம்பத்தை எடுத்தேன். அவன் அதை வாங்கிக்கொண்டான். நேரே வெட்டத் தொடங்கவில்லை. பையிலிருந்து மாஸ்கிங் டேப்பை எடுத்து, வெட்ட வேண்டிய கோட்டின் இரண்டு பக்கமும் சுருக்கமில்லாமல் ஒட்டினான்.

"எதுக்கு அண்ணா?"

"டேப் ஒட்டாம வெட்டினா ஓரத்துல பெயிண்ட் பொரிஞ்சு போவும்."

நிதானமாக அறுத்தான். துண்டு கீழே விழுந்தது. டேப்பை உரித்து, வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். ஒரு பொட்டுப் பெயிண்ட்கூட உதிரவில்லை. பிறகு சவுதிக்குப் போன் செய்ய வெளியே போனான்.