கண்ணாடிக் குளத்தில் காணிக்கை

கவின், யாழினி, நம் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் இறால் ஏன் சாகக் கிடந்தது என்று கேட்டீர்களே, மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கிரிவலத்துக்கு வந்த உறவுக்காரர்கள் நம் வீட்டில் சில நாள் தங்கினார்கள். அதற்குள் இறால் பக்கவாட்டில் சாய்ந்து, காலை உதறிக்கொண்டு கிடந்தது. மீன்களுக்கு ஒன்றுமில்லை. தொட்டி வாங்கிய கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"தண்ணியில செம்பு, பித்தளை எதனா கெடக்குதா பாருங்க. மீன் தாங்கும், இறால் தாங்காதுங்க."

தொட்டி மணலைக் கிளறினால் மஞ்சள் ஐந்து ரூபாய்க் காசுகள், ஒரு பழைய செப்புக் காலணா!

"யாரு போட்டது?" என்று கத்திவிட்டேன்.

"நான்தான்டா," என்றார் கீழ்பென்னாத்தூர் அத்தை. "யாழினிக்கு வீசிங் வரக்கூடாதுன்னு வேண்டிக்கினு போட்டேன்."

"அத்தை, இது கோயில் குளமா?"

"கண்ணாடி போட்ட கொளம்னு நெனச்சேன். ஊர்ல இல்லாத அதிசயமா வீட்டுக்குள்ள கடல வெச்சா யாருக்குடா தெரியும்?"

தலையில் அடித்துக்கொண்டு, உப்புநீர் புதிதாகக் கலக்கிப் பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள்தான் இறால் எழுந்து நின்றது. இப்போதெல்லாம் விருந்தாளி வந்தால் முதலில் தொட்டிக்கு வலைமூடி, பிறகுதான் காபி.

அத்தை பஸ் ஏறியதும் அந்தக் காசுகளைக் கழுவித் துடைத்தேன். செலவு செய்ய மனம் வரவில்லை. தனியாகக் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டு, அத்தை வேண்டிக்கொண்டதை நானும் ஒரு முறை சொல்லிவிட்டு வந்தேன்.