சாரலில் காயாத துணி

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு மிராசுதார் கட்டிவைத்த தர்மாஸ்பத்திரியில் என் அம்மா ஆயாவாக இருந்தாள். புண்ணுக்குக் கட்டும் துணிகளை வெந்நீரில் அவித்து, துவைத்து, காயவைத்து, சுருட்டி வைப்பதும், கட்டுப் போடுவதும் அவள் வேலை. ஊரெல்லாம் சாரலைக் கண்டு குதூகலிக்கும். எங்கள் வீடு மட்டும் இழவு வீடு போலாகிவிடும். துணி காயாது.

அம்மா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புக்கு மேலே கொடி கட்டி, சொந்த விறகை எரித்து உலர்த்துவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. புகையில் எனக்குக் கண் எரியும். அந்தத் துணிகளை மனதாரச் சபித்திருக்கிறேன்.

ஒருநாள் அருவியில் குளிக்க வந்த பெரிய டாக்டர் ஒருவர் ஆஸ்பத்திரியையும் பார்த்துப்போக நுழைந்தார். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன நான் வாசலில் நின்றேன். அவர் ஒரு சுருளை எடுத்து மோந்து பார்த்தார்.

"இது என்ன, அடுப்படிக் கரித்துணியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சுருள்களையெல்லாம் அவர் தரையில் தள்ளினார். அம்மா பக்கத்தில் நின்ற கம்பவுண்டரைப் பார்த்தாள். "ஒன் கை பட்டாத்தான் புண்ணு ஆறுது" என்று முந்தின வாரம்கூடச் சொன்னவர் அவர். இப்போது ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அம்மா துணிகளை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஆஸ்பத்திரிக் கொடியில் போடுவாள். மணி அடித்ததும், காய்ந்ததோ இல்லையோ, சுருட்டி வைத்துவிட்டு வந்துவிடுவாள். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. கம்பவுண்டருக்குத் திருப்தி. எனக்கோ கொண்டாட்டம். பொழுதிருக்கவே அம்மா வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அங்கே சுரண்டை வண்டிக்காரர் ஒருவர், சக்கரம் ஏறிய காலோடு படுத்திருந்தார்.

"துணி ஈரமா இருக்கே, தாயி" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

"சாரல் விடலயே அண்ணாச்சி. நான் என்ன செய்ய?" என்றாள் அம்மா. அவர் முகத்தைப் பார்க்காமலே கட்டினாள்.

சாரல் ஓயுமுன் புண் சீழ் வைத்துவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னபடி வேலை செய்பவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

செய்தி வந்த அன்றும் அவள் நேரத்தோடு வந்துவிட்டாள். உலை வைக்கவில்லை. பின்னிவிடச் சொல்லி நான் போய் முன்னால் உட்கார்ந்தேன். வாரினாள், பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி வாரினாள். நினைத்தால் இன்றும் என் மனம் ஆறுவதில்லை.

"எம்மா, தெனமும் இப்பிடியே வெள்ளன வந்திருவியா?" என்று கேட்டேன்.

"வந்திருதேன்" என்றாள்.

நான் கைதட்டிச் சிரித்தேன்.