கருகிய சேலைகளைத் தேடிப் போனோம்

வெடிச் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடி, புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு நானும் ஓடினேன். பட்டாசு ஆலைகள் இருக்கும் விஸ்வநத்தம் பக்கம் வானம் சுத்தமாக இருந்தது. புகை எங்கள் வீட்டுப் படுக்கையறை ஜன்னலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

சுவிட்ச் போர்டு வெடித்து அலமாரி பற்றிக்கொண்டது. தெருக்காரர்கள் மெயினை நிறுத்திவிட்டு மண்ணையும் தண்ணீரையும் வாரி இறைத்து அணைத்தார்கள். யாருக்கும் காயமில்லை. என் கணவர் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திராவுக்குப் போயிருந்தார். வீட்டுக் கடனோடு எடுத்த இன்சூரன்ஸ் இருப்பதை அவர்தான் போனில் ஞாபகப்படுத்தினார்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் பேசிய பெண் தெளிவாகச் சொன்னாள். "நஷ்டத்தைக் கணக்கெடுக்க சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க மேடம். போட்டோ எடுத்து, ஒவ்வொண்ணா லிஸ்ட் எழுதி வைங்க."

மதுரையிலிருந்து வரவேண்டிய சர்வேயர் இன்று, நாளை என்று நான்கு நாள் இழுத்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு பொங்கும்போதும் எழுந்துபோய் அந்த அறையைத் திறந்து பார்ப்பேன். முகூர்த்தப் பட்டு ஒரு பக்கம் முழுதாக, மறுபக்கம் கரியாக. அதன் மேல் உருகிய லேப்டாப். பக்கத்தில் கருகிய தையல் மெஷினும் மின்விசிறியும். லிஸ்டில் 'எப்போது வாங்கியது' என்ற கட்டத்தில் எழுதுவேன், அடிப்பேன், திரும்ப எழுதுவேன். தலைக்குக் குளித்தாலும் முடியில் கருகல் வாடை போகவில்லை.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு, திருத்தங்கல் அச்சகத்துக்கு வேலைக்குப் போனேன். மத்தியானம் திரும்பினால் வீடெல்லாம் பினாயில் மணம். அறை காலி. கணவரின் அக்கா, எனக்கு மதினி, சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்திலிருந்து வந்து, ஈரச்சேலையோடு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாமானெல்லாம் எங்க மதினி?"

"குப்பை வண்டியில ஏத்தி விட்டுட்டேன். கருகுன சேலைய வீட்டுல வச்சிருக்கலாமாத்தா? குடும்பத்துக்கு ஆகாது."

"உங்கள யாரு வரச் சொன்னா? ஏன் இப்படிச் செஞ்சீக?" என்று கத்திவிட்டேன். சர்வேயர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. துடைப்பத்தைப் போட்டார். "வண்டிய எடு" என்றார்.

ஸ்கூட்டரில் நேராகக் குப்பைக் கிடங்குக்குப் போனோம். அங்கிருந்த ஆள், "காலையில வந்த லோடா? அங்கன கெடக்கு பாருங்க" என்று கைகாட்டினார். மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் இறங்கிவிட்டார். எச்சில் இலை, ஈரக் காகிதம், நாற்றம். ஒரு மணி நேரம் கிளறினோம். சேலை மூட்டை கிடைத்தது, லேப்டாப் கிடைத்தது. தையல் மெஷினையும் மின்விசிறியையும் பழைய இரும்புக்கு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். கிடைத்ததைச் சாக்கில் கட்டி மதினி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சர்வேயர் வந்தார். சாக்கைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"எல்லாம் இருந்த எடத்துலயே இருக்கணும்னு சொல்லலையா?"

நான் ஏதாவது பொய் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் மதினி முன்னால் வந்தார். "நாந்தாய்யா அள்ளிப் போட்டேன். அவளுக்குத் தெரியாது. குப்பையில இருந்து நாங்களே பொறுக்கிட்டு வந்தோம்."

அவர் மதினியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி, நான் எடுத்துவைத்திருந்த படங்களோடு ஒவ்வொரு துணியாக ஒப்பிட்டார். உள்ளதை எழுதிக்கொண்டார். இரும்புக்குப் போனவற்றுக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றார். பின்னால் வந்த கடிதத்திலும் அப்படியே இருந்தது. சேலைகளும் லேப்டாப்பும் ஏற்கப்பட்டன. மெஷினும் மின்விசிறியும் தள்ளுபடி.

சர்வேயர் வந்துபோன பிறகும் மதினி இரண்டு நாள் இருந்து, சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். அன்றைக்கு நான் கத்திக் கேட்ட கேள்வி அந்த இரண்டு நாளும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு வழியாகச் சொன்னேன்.

"யாரு வரச் சொன்னான்னு கேட்டுட்டேன் மதினி. மனசுல வச்சுக்கிறாதீக."

"வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். சாத்தூர் பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினார். "தீவாளிக்கு நீ அங்க வா. யாரு வரச் சொன்னான்னு நானும் ஒரு தடவ கேட்டுக்கிறேன்."

அவர் சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.